விரிசலைப் பார்த்த பிறகும் உள்ளே போனவர்கள்

2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டியுள்ள சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டிருந்தது. கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும் இருந்தன. மேல்தளங்களில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஓடின. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். அன்று எல்லாரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். விரிசலின் படம் தொலைக்காட்சியிலும் வந்தது.

மறுநாள் காலை, வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. கடைகள் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் வாசலில் நின்றார்கள். உள்ளே போகத் தயங்கியவர்களிடம், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மேலாளர்கள் மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாடகையும் மளிகைக் கடனும் அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தன. போனார்கள். சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. மேல்மாடிகளில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கட்டடம் முழுவதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள். சிலரை, சிக்கிய கையையோ காலையோ அங்கேயே வெட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

வங்கி ஊழியருக்கும் தையல் தொழிலாளிக்கும் தெரிந்த செய்தி ஒன்றேதான். அதே விரிசலைத்தான் இருவரும் பார்த்தார்கள். ஒருவருக்கு அன்று வேலைக்கு வராமலே மாதச் சம்பளம் வரும். இன்னொருவருக்கு வராது. அந்த ஒரு வேறுபாடுதான் ஒருவரை வீட்டில் நிறுத்தியது, மற்றவரை ஆறாவது மாடிக்கு ஏற்றியது.

ஆடைத் தொழிலில் நேர்ந்த கூட்டச் சாவுகளை 'விபத்து' என்று எழுதுவது நம் வழக்கம். அவற்றின் ஆவணங்களை வரிசையாக எடுத்துப் படித்தால் அந்தச் சொல் நிற்காது. பெரும்பாலானவற்றில் எச்சரிக்கை முன்பே வந்திருக்கிறது. தொழிலாளர்கள் சொன்னார்கள், பொறியாளர்கள் சொன்னார்கள், தீயணைப்பு அதிகாரிகள் சொன்னார்கள். எச்சரிக்கையைக் கேட்டு மெஷினை நிறுத்தி எழுந்து போகும் உரிமை மட்டும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இல்லை. அந்த உரிமை எப்படிப் பறிபோனது, எங்கே கொஞ்சம் திரும்பக் கிடைத்தது, இப்போது மறுபடியும் எப்படிக் கரைகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கூலி, நேரம், இடம்

'ஸ்வெட்ஷாப்' என்ற சொல்லின் வேர் 19-ஆம் நூற்றாண்டு லண்டனின் தையல் தொழிலில் இருக்கிறது. கடைக்காரரிடம் மொத்தமாக ஆர்டர் எடுத்து, அதைவிடக் குறைந்த கூலிக்குப் பிறரிடம் தைத்து வாங்கும் இடைத்தரகரை அங்கே 'ஸ்வெட்டர்' என்றார்கள். வியர்வையைப் பிழிந்தெடுப்பவர் என்பது பொருள். அவரிடமிருந்து இன்னொருவர் வேலை எடுப்பார், அவரிடமிருந்து மற்றொருவர். கடைசியில் துணி போய்ச் சேர்வது ஒரு குடும்பம் உண்டு உறங்கும் அதே அறைக்கு. அங்கே பீஸ் ரேட்டில், விடியும் முன் தொடங்கி விளக்கு அணையும்வரை தைப்பார்கள்.

1851-இல் சிங்கர் மெஷின் காப்புரிமை பெற்றது. கையால் தைத்தால் 14 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் ஒரு சட்டையை, மெஷினில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். மிச்சமான நேரம் தைப்பவரின் கணக்கில் சேரவில்லை. பீஸ் விலை இறங்கியது. அதே கூலிக்குப் பல மடங்கு சட்டை தைக்க வேண்டியதாயிற்று. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை 1888-இல் இதை விசாரிக்க ஒரு குழு அமைத்தது. வயிற்றுக்குப் போதாத கூலி, வரம்பில்லாத வேலை நேரம், மனிதர் இருக்கத் தகாத இடம் என்று மூன்று கேடுகளை அந்தக் குழு பதிவு செய்தது.

கூலி, நேரம், இடம் என்ற அந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வோம். ஒரு சட்டையின் விலையை வாங்குபவர் முடிவு செய்துவிட்டால், தைத்துக் கொடுப்பவர் எதில் குறைக்க முடியும்? துணி விலை சந்தையில் இருக்கிறது. பட்டன், நூல், கப்பல் கூலி எதுவும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை தையல் கூலி, வேலை நேரம், தைக்கும் இடம். விலை இறங்க இறங்க இந்த மூன்றும்தான் தேய்கின்றன. ராணா பிளாசாவில் தேய்ந்தது இடம். கடைகளுக்காக எழுப்பப்பட்ட கட்டடத்தில், அனுமதியில்லாமல் மேலே மாடிகளைக் கட்டி, நூற்றுக்கணக்கான மெஷின்களையும் கனத்த ஜெனரேட்டர்களையும் ஏற்றியிருந்தார்கள்.

இடைத்தரகு ஏணிக்கு இன்னொரு பயன் உண்டு. ஒவ்வொரு படியிலும் லாபத்தில் ஒரு பங்கு மேலே போகிறது, பொறுப்பு முழுவதும் கீழே இறங்குகிறது. சாவு நேர்ந்த பிறகு மேல்படியில் நிற்பவர், அங்கே எங்கள் துணி தைக்கப்பட்டதே எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடிகிறது. 1888-இல் லண்டனில் கிடைத்த அந்தப் பதில் 2012-இல் டாக்காவிலும் கிடைத்தது.

ஒன்பதாவது மாடியின் கதவு

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1909 நவம்பரில், பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் 20,000 பேர். பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பெண்கள். கூப்பர் யூனியன் அரங்கில் தலைவர்கள் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல்காரி எழுந்து, இப்போதே பொது வேலைநிறுத்தம் என்று யூத மக்களின் இத்திஷ் மொழியில் அறைகூவல் விடுத்தார். கூலி உயர்வு, நேரக் குறைப்பு ஆகியவற்றோடு, பூட்டாத கதவுகளையும் சரியான தீ வெளியேற்றப் படிகளையும் அவர்கள் கேட்டார்கள். 1910 பிப்ரவரியில் பெரும்பாலான முதலாளிகள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ட்ரையாங்கிள் என்ற பெரிய கம்பெனி சங்கத்தை ஏற்க மறுத்தது.

அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, நதிக்கு அந்தப் பக்கம் நியூவார்க் நகரில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 20-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். நியூயார்க்கிலும் இது எந்த நாளும் நடக்கலாம் என்று அந்நகரத் தீயணைப்புத் தலைவர் எட்வர்ட் குரோக்கர் எச்சரித்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1911 மார்ச் 25 சனிக்கிழமை, வேலை முடியும் நேரத்தில் ட்ரையாங்கிளின் எட்டாவது மாடியில், வெட்டு மேசைக்குக் கீழே குவிந்து கிடந்த துண்டுத் துணியில் தீப்பிடித்தது.

கம்பெனி எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று மாடிகளில் இருந்தது. எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அங்கிருந்த முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீயே நேரில் வந்து சொன்னது. அங்கிருந்த இரண்டு படிக்கட்டுகளில் ஒன்றைத் தீ மறித்துக்கொண்டது. இன்னொன்றின் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியையோ லேஸையோ எடுத்துப் போகாமல், ஒரே வழியில் வரவைத்துப் பையைச் சோதிப்பதற்காக அந்தப் பூட்டு. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு கூட்டத்தின் பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. பலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். மொத்தம் 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள்.

முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவர்மீதும் வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று டிசம்பரில் விடுவிக்கப்பட்டார்கள். 1913-இல் பிளாங்க் தன் வேறொரு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக மறுபடியும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். 1914-இல் இறந்தவர்களின் குடும்பங்களோடு வழக்கை முடித்துக்கொள்ளத் தலைக்கு 75 டாலர் கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் முதலாளிகள் பெற்றது அதைவிடப் பல மடங்கு. தண்டனை இவ்வளவுதான் என்றால் பூட்டு ஒரு லாபக் கணக்காகிவிடும். அன்றைய முதலாளிகள் அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.

ஆனால் நியூயார்க் அதோடு நிற்கவில்லை. ஒரு விசாரணை ஆணையம் ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகளை நேரில் பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீப்பாதுகாப்பு, வேலை நேரம், வெளியேறும் வழி குறித்து 30-க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. அந்தத் தீயைத் தெருவில் நின்று பார்த்த பிரான்சஸ் பெர்கின்ஸ் 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் முதல் பெண் அவர். சங்கமும் சட்டமும் சேர்ந்து அந்தக் கதவைத் திறந்துவைத்தன என்பது வரலாறு.

வேலை இடம் மாறியது

துணி நழுவும் பொருள். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஊசிக்கு அடியில் நகர்த்துவதை இன்றும் பெரும்பாலும் மனிதக் கைதான் செய்கிறது. ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் மின்சாரமும் இருந்தால் எங்கும் தையல் லைன் போட்டுவிடலாம். உருக்காலையைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது, தையல் கூடத்தை எடுத்துப் போக முடியும். கூலியும் சட்டமும் ஓரிடத்தில் உயர்ந்தால், அவை இல்லாத இடத்துக்கு ஆர்டர் நகர்ந்துவிடுகிறது.

1974-இல் வந்த பன்னாட்டு இழை ஒப்பந்தம் இந்த நகர்வை விரைவாக்கியது. எந்த நாடு எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்தன. கோட்டா தீர்ந்த நாடுகளின் முதலாளிகள், கோட்டா மிச்சமிருந்த நாடுகளைத் தேடினார்கள். 1979-இல் வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம், தன் ஆட்கள் 130 பேரைத் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கிருந்து வளர்ந்த தொழில் இன்று சுமார் 40 லட்சம் பேருக்கு வேலை தருகிறது. அந்நாட்டு ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு ஆடைதான். கிராமத்துப் பெண்கள் லட்சக்கணக்கில் முதன்முறையாகத் தங்கள் கையில் சம்பளம் வாங்கினார்கள். இதை மறைத்துவிட்டு ஆடைத் தொழிலைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. அந்தப் பெண்கள் கேட்டது வேலையை நிறுத்துங்கள் என்று அல்ல. உயிரோடு வீடு திரும்பும்படியான வேலையைத்தான் கேட்டார்கள்.

இது ஏழை நாடுகளுக்கு மட்டுமான நோய் என்று எண்ணிவிடக் கூடாது. 1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், எல் மாண்டே என்ற ஊரில், முள்கம்பி வேலி போட்ட குடியிருப்பு ஒன்றிலிருந்து தாய்லாந்தைச் சேர்ந்த 72 தையல் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். சிலர் ஏழு ஆண்டுகள் வரை அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள். 2013 டிசம்பரில் இத்தாலியின் பிராத்தோ நகரில், தொழிலாளர்கள் உறங்கவும் செய்த ஒரு தையல் கூடம் எரிந்து ஏழு சீனர்கள் இறந்தார்கள். கட்ட வேண்டிய கடனோ இல்லாத விசாவோ, வெளியே போக முடியாதபடி ஆளைப் பிடித்துவைக்கும் ஒன்று இருந்தால் போதும், பணக்கார நாட்டின் நடுவிலும் 1888-ஆம் ஆண்டு லண்டன் முளைத்துவிடுகிறது.

சான்றிதழ் காக்கவில்லை

1990-களில் பெரிய பிராண்டுகள் விமர்சனத்துக்கு ஆளானபோது, அவை கண்டுபிடித்த விடை தணிக்கை. தாங்களே நடத்தை விதிகளை எழுதின, ஆடிட் கம்பெனிகளை நியமித்தன, சான்றிதழ் கேட்டன. தணிக்கை பெரும்பாலும் முன்கூட்டித் தெரிந்த நாளில் வரும். அன்று கதவு திறந்திருக்கும், படிக்கட்டில் அட்டைப் பெட்டி இருக்காது, கேட்கப்போகும் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் முந்திய நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்.

பாகிஸ்தானின் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 என்ற உயர்ந்த சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று அது எரிந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. தீயை வைத்தவர் யாராக இருந்தாலும், ஜன்னல்களில் கம்பி இருந்ததும் வெளியேற வழியில்லாததும்தான் அத்தனை பேரைக் கொன்றன. சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் பார்த்திருக்க வேண்டியவை அந்தக் கம்பிகள்.

இரண்டு மாதங்கள் கழித்து, நவம்பர் 24 அன்று, சாவருக்கு அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் எரிந்தது. தரைத்தளத்தில் துணியும் நூலும் குவித்திருந்த இடத்தில் தீ பிடித்தது. எல்லாப் படிக்கட்டுகளும் அந்தத் தரைத்தளத்தில்தான் இறங்கின. அபாய மணி அடித்தபோது எழுந்தவர்களை, ஒன்றுமில்லை, போய் உட்காருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வழியில் இருந்த கேட்டுகள் பூட்டியிருந்தன. குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே வால்மார்ட்டுக்கான ஆடைகளும் தைக்கப்பட்டிருந்தன. தங்கள் அனுமதி இல்லாமல் துணை ஒப்பந்தத்தில் அங்கே ஆர்டர் போய்விட்டது என்று அந்த நிறுவனம் சொன்னது.

தஸ்ரீனுக்கும் முன்பே அடையாளங்கள் இருந்தன. 2005-இல் அதே சாவர் வட்டாரத்தில் ஸ்பெக்ட்ரம் தொழிற்சாலை இடிந்து 64 பேர் இறந்திருந்தார்கள். 2010-இல் இரண்டு பெரிய தீ. 2011-இல் டாக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில், கட்டடப் பாதுகாப்புக்காகப் பிராண்டுகள் விலையில் சற்றுக் கூட்டித் தர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. நிதிநிலைக்கு ஒத்துவராது என்று பெரிய நிறுவனங்கள் சில மறுத்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து ராணா பிளாசா.

எது வேலை செய்தது

ராணா பிளாசாவின் இடிபாடுகளில் தேடல் முடியும் முன்பே, 2013 மே மாதத்தில் ஓர் ஒப்பந்தம் உருவானது. தமிழில் அதை வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை எனலாம். 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் அதில் கையெழுத்திட்டன. முந்திய வாக்குறுதிகளிலிருந்து அதை நான்கு கூறுகள் பிரிக்கின்றன.

ஒன்று, அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பேச்சை மீறிய பிராண்டை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். அப்படி இரண்டு வழக்குகள் தி ஹேகில் நடந்தன. ஒன்றில் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் கொடுத்துத்தான் வழக்கை முடிக்க முடிந்தது. இரண்டு, ஆய்வாளர்கள் முதலாளியின் கைக்குள் இல்லை, ஆய்வு அறிக்கைகள் எல்லாரும் படிக்கும்படி வெளியாயின. மூன்று, பழுதுபார்க்கும் செலவுக்கு வழி பிறக்கும்படி வாங்குபவர் உதவ வேண்டும், ஆர்டரைத் தொடர வேண்டும். நான்கு, ஆபத்தென்று நம்பக் காரணமிருந்தால் தொழிலாளி கட்டடத்துக்குள் போக மறுக்கலாம், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

இந்த நான்காவது கூறு 2013 ஏப்ரல் 24 காலையில் இருந்திருந்தால் அந்த வாசலில் நின்றவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

முதல் சுற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளை ஆய்வு செய்தபோது, 80,000-க்கும் மேற்பட்ட குறைகள் தென்பட்டன. அந்தத் தொழிற்சாலைகளில் பல ஏற்கெனவே தனியார் தணிக்கையில் தேறியவை. பூட்டக்கூடிய கதவுகள் கழற்றப்பட்டன. தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, தூண்கள் வலுப்படுத்தப்பட்டன, சில கட்டடங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு வங்கதேசத்தின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ராணா பிளாசா அளவிலான சாவு நடக்கவில்லை. ஆடைத் தொழில் அழிந்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னதும் நடக்கவில்லை. ஏற்றுமதி வளர்ந்தது.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நூல் கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட மில்களிலிருந்து வருகிறது. அந்த மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டும். திருமணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் மில் விடுதிக்கு அழைத்துப் போவார்கள். மாதம் கொஞ்சம் கைச்செலவுக்கு. மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனாலோ வேலையை விட்டாலோ அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். விடுதியிலிருந்து தனியாக வெளியே போக முடியாது. ட்ரையாங்கிளில் இரும்புப் பூட்டு செய்த வேலையை இங்கே கடைசியில் தரப்போகும் பணம் செய்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் குற்றம் சாட்டப்பட்டார். அதன் பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் முதலாளி நிறுவனத்தோடும் ஹெச் அண்ட் எம் உள்ளிட்ட பிராண்டுகளோடும் ஒப்பந்தம் செய்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அழைப்பது அதைத்தான். பாலியல் துன்புறுத்தலையும் சாதி இழிவையும் தொழிலாளர்களே லைனில் நின்று கண்காணித்துப் புகார் செய்யலாம். புகாரைத் தீர்க்காவிட்டால் பிராண்டுகள் முதலாளிக்கு வணிக நெருக்கடி தரக் கடமைப்பட்டவை. அதை எழுதியவர்கள் வெளிநாட்டு ஆடிட்டர்கள் இல்லை. தையல் மெஷினில் இருந்தவர்கள் எழுதவைத்தது.

ஆனால் பெரிய கம்பெனிக்குக் கிடைத்தது சந்துக்குள் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கிடைக்காது. காஜா-பட்டன், செக்கிங், அயர்னிங் என்று வேலை பிரிந்து பிரிந்து சின்னக் கொட்டகைகளுக்குப் போகிறது. மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்பது 1948 சட்டத்தின் வரையறை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக உயர்த்தியது. ஆள் குறைவான கூடங்களில்தான் ஒரே வாசலும் அடைத்த ஜன்னலும் அதிகம் என்பதை, அந்தச் சந்துகளில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கரைவது

கிடைத்தது நிலைத்துவிட்டது என்று நம்புவதற்கு இடமில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், வங்கதேசத்தில் தைத்து முடித்திருந்ததும் தைத்துக்கொண்டிருந்ததுமாக 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களைப் பிராண்டுகள் ரத்து செய்தன அல்லது நிறுத்தி வைத்தன. துணியை முதலாளி முன்பணம் போட்டு வாங்கியிருந்தார். தைத்தவருக்கான கூலி நின்றது. லட்சக்கணக்கானவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏணியின் மேல்படி தன் பாரத்தைச் சில நாள்களில் கீழே இறக்கிவிட்டது.

2023-இல் வங்கதேசத் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா (அந்நாட்டு நாணயம்) குறைந்தபட்ச ஊதியம் கேட்டார்கள். அரசு நிர்ணயித்தது 12,500. போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சம்பளம் போதாதவர் ஓவர்டைமை மறுக்க முடியாது. ஆபத்தான கட்டடத்தையும் மறுக்க முடியாது. கூலியும் பாதுகாப்பும் வேறு வேறு கோரிக்கைகள் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் சாவர் வாசலை மறந்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அதன் அமலைத் தள்ளிவைத்தது.

2025 அக்டோபர் 14 அன்று டாக்காவின் மீர்பூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையும் அதை ஒட்டிய ரசாயனக் கிடங்கும் எரிந்தன. குறைந்தது 16 பேர் இறந்தார்கள். மொட்டை மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது என்று தீயணைப்புத் துறை சொன்னது. நியூயார்க்கின் ஒன்பதாவது மாடியிலிருந்து மீர்பூர் வரை 114 ஆண்டுகள். உடன்படிக்கை எட்டிய ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் கதவு திறந்தது. எட்டாத இடத்தில் பூட்டு அப்படியே இருக்கிறது.

ஆகவே வாசகர் செய்யக்கூடியது சட்டை வாங்காமல் இருப்பது அன்று. ஆர்டர் நின்றால் முதலில் பட்டினி கிடப்பவர் தைத்தவர்தான். பிராண்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன: உங்கள் துணி தைக்கப்படும் எல்லா யூனிட்டுகளின் பட்டியலையும் வெளியிடுகிறீர்களா? தொழிற்சங்கத்தோடு சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தம் இருக்கிறதா? விலையில் பாதுகாப்புச் செலவு சேர்ந்திருக்கிறதா? இவற்றுக்குச் சான்றிதழைக் காட்டினால் அது பதிலாகாது, கராச்சியிலும் ஒன்று இருந்தது.

நம் வீட்டுப் பெண்ணோ பக்கத்து வீட்டுப் பையனோ கம்பெனிக்குப் போகிறார்கள் என்றால், கேட்க வேண்டியவை இன்னும் எளியவை. ஷிஃப்ட் நேரத்தில் எந்தக் கதவாவது பூட்டியிருக்கிறதா? இரண்டாவது படிக்கட்டு உண்டா, அதில் துணி ரோல் அடுக்கியிருக்கிறதா? ஜன்னலில் கம்பி இருக்கிறதா? மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாராவது ஒருமுறை காட்டியிருக்கிறார்களா? கடைசியாக ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: சுவரில் விரிசலைப் பார்த்துவிட்டு இன்று உள்ளே வரமாட்டேன் என்று சொன்னால், அன்றைய சம்பளம் கிடைக்குமா?

ராணா பிளாசாவின் கீழ்த்தளத்தில் இருந்த வங்கி ஊழியரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், கிடைக்கும் என்று சொல்லியிருப்பார். மேல்தளத்தில் இருந்தவரும் அதே பதிலைச் சொல்லும் நாள்வரை, அடுத்த கட்டடம் எங்கே என்பது மட்டும்தான் நமக்குத் தெரியாதது.